மேடத்துக்கு ஈர மண் ஆகாது

பரங்கிப்பேட்டையில் சலீமா பீவியின் வீட்டுக்கு மாப்பிள்ளை ஷாகிர் குடி வந்த அன்று, அவனுடைய பெட்டிகளை எல்லாம் டிரைவரும் மாமனாரும் இறக்கினார்கள். கண்ணாடித் தொட்டியை மட்டும் அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. கடலூரிலிருந்து வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தான். தொட்டிக்குள் தென்னை நார்த்தூள் பரப்பி, மேலே ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்திருந்தான். கொட்டாங்கச்சிக்குள் மேடம் இருந்தது.

மேடம் ஒரு சிலந்தி. உள்ளங்கை அகலம் இருக்கும். பழுப்பு உடம்பில் இளஞ்சிவப்பு மயிர். அதன் இனம் சிலி நாட்டின் வறண்ட புதர்க்காடுகளைச் சேர்ந்தது என்றாலும், மேடம் அந்த நாட்டைப் பார்த்ததில்லை. சென்னையில் ஒருவர் வீட்டுக் கூண்டில் பிறந்தது. ஷாகிர் அதை வாங்கியபோது கட்டைவிரல் நகத்தளவு இருந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டு மாடியில் அவனோடு வளர்ந்தது. யார் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத குணத்துக்காக அந்தப் பெயரை வைத்ததாக அவன் நண்பர்களிடம் சொல்வான்.

ஷாகிருக்கு மும்பைக்கு அப்பால் கடலுக்குள் எண்ணெய்க் கிணறு மேடையில் வேலை. கொஞ்ச நாள் கடலில், கொஞ்ச நாள் வீட்டில். சலீமா பீவியின் குடும்பத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். அவருடைய கணவர் ரஃபியுதீனே லால்பேட்டையிலிருந்து அப்படி வந்து சேர்ந்தவர்தான். ஷாகிரின் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. பாதி நாள் பையன் வீட்டில் இருக்கப் போவதில்லை, பெண் ஷஹனாஸும் சிதம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளும்போது ஷாகிரின் தாய் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"என் புள்ள எங்க வேணா இருந்துக்குவான். அவன் வளக்கிற பூச்சிக்குத்தான் உங்க ஊரு ஒத்துக்கணும். ஒத்துக்கலன்னா ரெண்டு பேரும் கடலூருக்கே வந்துரட்டும். மாடி சும்மாதான் கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சலீமா பீவி சிரிக்கவில்லை. ஷஹனாஸ் அவருக்கு ஒரே பிள்ளை.

ஆகவே மேடம் அந்த வீட்டில் பூச்சியாக நடத்தப்படவில்லை. சம்பந்தி வீட்டு விருந்தாளியாக நடத்தப்பட்டது. மாப்பிள்ளைக்காகப் புதிதாக ஏசி போட்ட அறையில், கல்யாணச் சீராக வந்த டிரெஸ்ஸிங் டேபிளை ஓரமாகத் தள்ளி, தொட்டிக்கு இடம் கொடுத்தார்கள். வியாழக்கிழமை சாயந்திரம் வீடு முழுக்கக் காட்டும் சாம்பிராணியை அந்த அறைக்கு மட்டும் நிறுத்தினார்கள். புகை மேடத்துக்கு ஆகாது என்று ஷாகிர் சொன்னதாக ஷஹனாஸ் வந்து சொன்னாள். சலீமா பீவி இதுவரை யாருக்காகவும் சாம்பிராணியை நிறுத்தியதில்லை.

"சொன்னதாக" என்பதுதான் அந்த வீட்டில் முக்கியம். சலீமா பீவி மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேச மாட்டார். அவருடைய தாயும் ரஃபியுதீனிடம் கடைசிவரை பேசியதில்லை. சலீமா பீவி கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, "இன்னும் ரெண்டு இடியாப்பம் வைக்கச் சொல்லு" என்பார். ஷஹனாஸ் வைப்பாள். ஷாகிர் சாப்பிடுவான். மாமியார் வீட்டில் போதும் என்று சொல்லக் கூடாது என்று அவனுக்கும் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த இனிப்பான வட்டிலாப்பம் வந்தது, வழித்துச் சாப்பிட்டான். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

கார்த்திகை மழை பிடித்த வாரத்தில் ஷாகிர் கடலுக்குக் கிளம்பினான். போகும்போது ஷஹனாஸிடம் மேடத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னான்.

"ஒண்ணுமே இல்ல. கிண்ணத்துல தண்ணி இருக்கணும். மண்ணுல ஒரு மூலையில மட்டும் எப்பவாச்சும் லேசா தெளி. ரொம்ப சூடும் வேணாம், ரொம்ப குளிரும் வேணாம். வாரத்துக்கு ஒரு பூச்சி. அவ்ளோதான்."

ஷஹனாஸ் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் உம்மாவிடம் சொன்னாள்: "தண்ணி தெளிக்கணுமாம். குளிரக் கூடாதாம்."

பொய் இல்லை. கொஞ்சம் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

சலீமா பீவி வேலையை ஆரம்பித்தார். மாப்பிள்ளை இருந்தபோது அந்த அறையில் ஏசி ஓடியது. அவர் இல்லாதபோது நிறுத்தினால் மேடத்துக்கு மரியாதைக் குறைவு ஆகிவிடாதா? ஏசி ஓடியது. ஏசியில் குளிருமே என்று தொட்டிக்கு மேலே மஞ்சள் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். பல்புச் சூட்டில் மண் காயுமே என்று, ரஃபியுதீன் சிதம்பரத்தில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் சாமான் கடையிலிருந்து வந்த ஸ்ப்ரே பாட்டிலால் காலையும் மாலையும் நன்றாக நனைத்தார். நனைத்தது ஏசிக் காற்றில் போய்விடுமே என்று தொட்டியைச் சுற்றி ஒரு கம்பளியைப் போர்த்தினார்.

ரஃபியுதீன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மேலே ஏசி, கீழே பல்பு, நடுவில் கம்பளி.

"சலீமா, ஒரு பக்கம் குளிர வைக்கிற, இன்னொரு பக்கம் சூடு பண்ற. இது பூச்சியா, பிரியாணி தம்மா?"

"உங்களுக்கு என்ன தெரியும்? குளிரக் கூடாதுன்னு மாப்பிள்ளை சொல்லிட்டுப் போயிருக்காரு."

"நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கு ஒரு போர்வை குடுக்க ஆள் இல்ல."

"நீங்க கேக்கல."

ஷஹனாஸ் தினமும் போட்டோ எடுத்து அனுப்பினாள். எடுப்பதற்கு முன்னால் கம்பளியைக் கொஞ்சம் ஒதுக்கி, கண்ணாடியைத் துடைத்து, கொட்டாங்கச்சி அழகாகத் தெரிகிற பக்கமாக எடுப்பாள். உம்மாவின் கவனிப்பு மாப்பிள்ளையின் கண்ணில் குறையாகப் பட்டுவிடக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. இரவு ஷாகிரிடமிருந்து பதில் வரும்: "மாஷா அல்லாஹ். ரொம்ப நல்லா பாத்துக்கிறாங்க. மாமிக்கு என் சலாம் சொல்லு." அதைக் கேட்டதும் சலீமா பீவி மறுநாள் காலை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் தெளிப்பார்.

இரண்டாம் வாரம் போட்ட பூச்சியை மேடம் தொடவில்லை. பூச்சி மண்ணில் நனைந்து செத்துக் கிடந்தது. மூன்றாவது வாரமும் அப்படியே. பிறகு மேடம் கொட்டாங்கச்சியை விட்டு வெளியே வந்து கண்ணாடிச் சுவரில் ஏறி நின்றது. இறங்கவில்லை. காலையில் பார்த்தால் சுவரில். சாயந்திரம் பார்த்தால் இன்னும் ஒரு விரற்கடை மேலே.

"மாப்பிள்ளையைத் தேடுது" என்றார் சலீமா பீவி.

"ஏசி பில்லைத் தேடுதோ என்னமோ" என்றார் ரஃபியுதீன். ஆனால் அவருக்கும் பயம் வந்துவிட்டது. சிதம்பரத்தில் அவர் கடைக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் இளவரசு, வாடிக்கையாளர்கள் எதிரிலேயே கூவிக் கேட்பான்: "பாய்! மருமவன் சொகமா? எட்டுக்கால் மருமவ சொகமா?" இதுவரை சிரித்துக்கொண்டே பதில் சொன்ன ரஃபியுதீன், அன்று "கொஞ்சம் மேலுக்கு முடியல" என்று சொல்லிவிட்டுப் போனார். இளவரசுக்கே சங்கடமாகிவிட்டது.

"அவருகிட்ட சொல்லிடவா உம்மா?" என்று ஷஹனாஸ் கேட்டாள்.

"நடுக்கடல்ல இருக்கிற மனுசனைக் கலங்கடிக்காத. அவரு வர்றதுக்குள்ள தேத்திடலாம். கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லு." பிறகு மெதுவாக, "ஒத்துக்கலன்னு அவுங்க உம்மா காதுல விழுந்துச்சுன்னா மாடியைக் கூட்டிப் பெருக்க ஆரம்பிச்சுருவாங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சலீமா பீவியும் ரஃபியுதீனும் கடலூருக்குப் போனார்கள். மேடத்துக்குத் தீனிப் பூச்சி வாங்குகிற வண்ணமீன் கடை அங்கே. கடைக்காரர் சகாய ஆனந்த் மாதா கோயிலில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தார். சலீமா பீவி போனில் இருந்த படத்தைக் காட்டினார்.

"செவத்துல ஏறிக்குதா?" சகாய ஆனந்த் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பெரிதாக்கினார். "எனக்கு மீனுதாம்மா தெரியும். பூச்சி சும்மா தீனிக்காகத்தான் வச்சிருக்கேன். இருங்க, நெட்ல பாத்துடலாம்."

அவர் போனில் தட்டித் தேடி, இங்கிலீஷில் வந்ததைத் தமிழில் சொன்னார். "ஈரப்பதம் எம்பது பர்சன்ட் வேணுமாம். சூடு கொடுக்கணுமாம். காத்துல பனி மாதிரி தண்ணி நிக்கணுமாம். காட்டுப் பூச்சின்னா சும்மாவா?"

அவர் படித்தது மழைக்காட்டு மரப் பொந்தில் வாழும் வேறொரு இனத்தைப் பற்றி. சிலந்தி என்று தேடினார், ஒரு சிலந்தி வந்தது. அதில் எத்தனையோ இனங்கள் உண்டு என்பது அந்தக் கடையில் நின்ற மூவருக்கும் தெரியாது.

"எங்க வீட்ல அவ்ளோ ஈரம் இருக்கான்னு எப்பிடித் தெரியும்?" என்று ரஃபியுதீன் கேட்டார்.

"மீட்டர் இருக்கு பாய். சூடும் காட்டும், ஈரமும் காட்டும். பனி விடுறதுக்கு ஒரு மிசினும் இருக்கு, தொட்டி அலங்காரத்துக்கு வச்சது. எடுத்துட்டுப் போங்க. வேலைக்கு ஆவலன்னா திருப்பிக் குடுத்துடுங்க."

திரும்பும்போது சலீமா பீவிக்குத் தெம்பு வந்திருந்தது. வண்டி திருவந்திபுரம் பக்கம் சுற்றி வந்தபோது கெடிலம் ஆற்றில் செம்மண் தண்ணீர் நுரைத்து ஓடியது. ஊரே ஊறிக் கிடந்தது. காரில் உட்கார்ந்திருந்தவர் மடியில் பனி விடுகிற மெஷின்.

திங்கட்கிழமை காலை மெஷினைத் தொட்டிக்குள் வைத்தார்கள். மீட்டரைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். புகை மாதிரி வெள்ளைப் பனி எழும்பிக் கொட்டாங்கச்சியை மூடியது. ஈரம் தொண்ணூறைத் தாண்டியது. ஷஹனாஸ் பள்ளிக்கும் ரஃபியுதீன் கடைக்கும் கிளம்பினார்கள். மதியச் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு சலீமா பீவி எட்டிப் பார்த்தபோது, மேடம் சுவரில் இல்லை. தொட்டியின் மேல்மூடியாக இருந்த கம்பிவலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு கால்கள் காற்றைத் துழாவின. ஒரு பின்னங்காலின் நுனி மட்டும் வலைக்கண்ணில் மாட்டியிருந்தது. உடம்பின் மொத்த கனமும் அந்த ஒரு காலில்.

ஷஹனாஸுக்குப் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. வகுப்பு நேரத்தில் டீச்சர்களின் போன்கள் எல்லாம் ஓய்வறை மேசையில்தான் இருக்கும். ரஃபியுதீனுக்குப் போட்டார்.

"நான் இப்ப கிளம்புனாலும் முக்கா மணி நேரம் ஆகும். மாப்பிள்ளைக்கே போடு."

"நான் எப்பிடிங்க போடுறது?"

"பச்சை பட்டனை அமுக்கித்தான். வேற எப்பிடி?" அவர் குரல் உடனே இறங்கியது. "சலீமா, அது விழுந்துச்சுன்னா நீ யாருகிட்டயும் பேச வேண்டியிருக்காது. போடு."

சலீமா பீவி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். வீடியோ காலை அழுத்தினார். உடனே எடுத்துவிட்டான். ஆரஞ்சு நிற வேலைச் சட்டை, பின்னால் இரும்புப் படிக்கட்டு. மாமியார் பெயரில் அவன் போன் அடித்தது அதுதான் முதல் முறை. அவன் முகம் வெளுத்திருந்தது.

"மாமி? என்னாச்சு? யாருக்கு என்ன?"

சலீமா பீவி போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டு, தான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். "மேடத்தோட காலு மாட்டிக்கிச்சுன்னு சொல்லணும்."

"யாருகிட்ட மாமி சொல்லணும்?"

"மாப்பிள்ளை கிட்ட."

"நான்தான் மாமி பேசறேன்."

பிறகு அவன் படத்தை உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

"மாமி, இழுத்துடாதீங்க. மூடியைத் தூக்காதீங்க. அவ்ளோ உயரத்துலேர்ந்து விழுந்தா வயிறு கிழிஞ்சிரும். சொல்றத மட்டும் செய்யிங்க. பாத்திரம் கழுவற கையுறை இருக்கா?"

"இருக்கு."

"அதப் போட்டுக்குங்க. அது பயந்துச்சுன்னா மயிர உதுக்கும், அரிக்கும். போனை எங்கயாச்சும் சாய்ச்சு வையிங்க. ஒரு துண்டை மடிச்சு மடிச்சு மெத்தை மாதிரி பண்ணுங்க."

போனைத் தலையணையில் சாய்த்து வைத்தார். புதுத் துண்டு ஒன்றை மடித்தார். முன்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்ததும் வெந்நீர்க் குளியலறை மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. துண்டை உள்ளங்கையில் ஏந்திக் கையை உள்ளே விட்டார்.

"அது வயித்துக்குக் கீழ கொண்டு போங்க. இன்னும் மேல. தொடட்டும். பயப்படாதீங்க."

"நான் பயப்படல. கை தானா ஆடுது."

மேடத்தின் கனம் துண்டில் இறங்கியது. ஒரு எலுமிச்சம்பழத்தை யாரோ மெதுவாக வைத்தது போல இருந்தது. துழாவிய கால்கள் துண்டைப் பற்றிக்கொண்டன.

"சூப்பர் மாமி! இப்ப கால் தொங்கல. தொட்டி பக்கத்து டிராயர்ல ஒரு பெயிண்ட் பிரஷ் இருக்கும். இன்னொரு கையால எடுங்க. வலைக்கு மேல பாருங்க, காலோட கொக்கி மாதிரி நுனி வெளிய நீட்டிட்டு இருக்கும். பிரஷ்ஷால அதை மேலேர்ந்து கீழ லேசாத் தள்ளுங்க. குத்தாதீங்க. குழந்தை கன்னத்துல பவுடர் போடற மாதிரி."

சலீமா பீவி தள்ளினார். வரவில்லை. மறுபடி தள்ளினார். தாளிக்க வைத்திருந்த எண்ணெய் அடுப்பில் கருகுகிற வாசனை வந்தது. போகட்டும். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, மூச்சைப் பிடித்து, பிரஷ்ஷைச் சற்றே சாய்த்துத் தள்ளினார். கால் விடுபட்டது. மேடம் துண்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, எட்டுக் கால்களையும் உடம்போடு சேர்த்துக்கொண்டது.

"வந்திரிச்சு!" சலீமா பீவி போனைப் பார்த்துக் கத்தினார். நேராகப் பார்த்து. முந்தானை தோளுக்கு நழுவியிருந்தது.

அங்கே ஷாகிர் இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டான். "அல்ஹம்துலில்லாஹ். துண்டோட எடுத்து ஒரு காஞ்ச டப்பாவுல வையிங்க மாமி. மூடியில ஓட்டை போட்டு."

ரஃபியுதீன் கடையிலிருந்து வந்த டப்பாக்களுக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கம்பியைச் சுட வைத்து ஒரு டப்பா மூடியில் ஓட்டை போட்டார். மேடம் உள்ளே போனது. அப்புறம்தான் ஷாகிர் அறையை முழுதாகப் பார்த்தான்.

"மாமி... அந்த பல்பு எதுக்கு?"

"ஏசி குளிருக்கு."

"ஏசி எதுக்கு?"

"அது மாப்பிள்ளை ரூமு."

"கம்பளி?"

"தண்ணி காஞ்சிடக் கூடாதுன்னு."

"அந்தப் புகை எங்கேர்ந்து வருது?"

"கடலூர்லேர்ந்து வாங்கியாந்தோம். எம்பது வேணும்னு போட்டிருந்துச்சாம். இப்ப தொண்ணூத்தி ரெண்டு காட்டுது." சலீமா பீவிக்கு அந்த எண்ணில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

ஷாகிர் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது.

"சிரிக்கிறீங்களா?"

"இல்ல மாமி. மேடம் பாலைவனம் மாதிரி காஞ்ச எடத்து ஜாதி. ஈர மண்ணுல காலு வைக்கப் பிடிக்காது. அதான் செவத்துல ஏறி நின்னுச்சு. அங்கயும் ஈரம் வந்ததும் மேல போயிருக்கு. நம்ம ஊரு காத்துல இருக்கிற ஈரமே அதுக்கு ஜாஸ்தி. தண்ணி கிண்ணத்துல இருந்தாப் போதும். சூடுன்னா, நமக்கு பேன் போட்டு உக்காந்தா எப்பிடி இருக்குமோ அது போதும். அப்பறம் வெளிச்சம் அதுக்கு ஆகவே ஆகாது. இருட்டுல பதுங்கிக் கெடக்கிற ஜீவன். தலைக்கு மேல ராத்திரி பகலா பல்பு எரிஞ்சா எப்பிடி சாப்பிடும்?"

சலீமா பீவி கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாகக் கழற்றினார்.

"தினமும் போட்டோ வந்துச்சே. அதுல பல்பு தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"பின்ன?"

"மொத நாளே பாத்தேன். ஒரு நாளைக்குன்னு நெனச்சேன். அப்பறம்... மாமி இவ்ளோ பாசமா செய்யறாங்க, வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுமேன்னு..."

"மனசு கஷ்டப்படும்னு பூச்சிய வேக வைப்பீங்களா?"

அந்த வீட்டில் மாப்பிள்ளையை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்ட பிறகு சலீமா பீவியே திகைத்துப் போய் வாயில் கை வைத்தார். போனில் ஷாகிர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தப்புதான் மாமி."

"தப்புதான். வேணாம்னா வேணாம்னு சொல்லணும். நான் என்ன கடிச்சா திம்பேன்?"

"இனிமே சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க. வேற என்ன வேணாம்?"

அவன் யோசித்தான். பின்னால் யாரோ அவனை வேலைக்குக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கையைக் காட்டி நிறுத்தினான். "காலையில வட்டிலாப்பம் வேணாம் மாமி. வாரத்துக்கு ஒரு நாள்னா ரொம்பப் பிடிக்கும். தினமும் சாப்பிட்டு வேலைச் சட்டை பட்டன் போட முடியல. அப்பறம் ஏசியை அவ்ளோ கூட்டி வச்சா எனக்கும் சளி பிடிக்குது."

சலீமா பீவி கட்டிலில் உட்கார்ந்தார். தொட்டிக் கதவு திறந்தே கிடந்ததில் ஈரம் தொண்ணூற்று இரண்டிலிருந்து இறங்க ஆரம்பித்திருந்தது. இத்தனை நாளும் கேட்க வேண்டியதை அவர் இன்னும் கேட்கவில்லை.

"இது ஒத்துக்கலன்னா ரெண்டு பேரும் கடலூருக்குப் போயிருவீங்களா?"

"யாரு சொன்னா?"

"உங்க உம்மா. கல்யாணப் பேச்சுல."

"அவங்க மாடிக்கு ஆள் வேணும்னு என்ன வேணா சொல்லுவாங்க." ஷாகிர் இப்போது வாய்விட்டுச் சிரித்தான். "மாமி, நீங்க இவ்ளோ பண்ணியும் மேடம் உசுரோட இருக்கு. இதுக்கு மேல ஒரு ஊரு எப்பிடி ஒத்துக்கணும்? மண்ணு காஞ்சா சரியாப் போயிரும். நான் எங்கயும் போகல."

சலீமா பீவி முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து பனி மெஷினையும் பல்பையும் அணைத்தார்.

அன்று மதியம் மழை விட்டிருந்தது. ரஃபியுதீன் அரக்கப் பரக்க வந்து சேர்ந்தபோது மொட்டை மாடியில் பழைய சேலை ஒன்றை விரித்து, அதன் மேல் தென்னை நார்த்தூளைப் பரப்பியிருந்தார் சலீமா பீவி. பக்கத்தில் டப்பாவில் மேடம், நிழலில்.

"உசுரோட இருக்கா?"

"இருக்கு. இதைக் கிளறி விடுங்க. மேகம் மறுபடி வருது. அதுக்குள்ள பாதியாவது காயணும்."

"மாப்பிள்ளை கிட்ட பேசினியா?"

"பேசினேன்."

"என்ன சொன்னாரு?"

"வட்டிலாப்பம் வேணாமாம்."

ரஃபியுதீன் கிளறுவதை நிறுத்தினார். "வேணாம்னு சொல்லலாமா? சொல்லலாம்னு தெரிஞ்சிருந்தா நானும் அன்னிக்கே..." மனைவியின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கிவிட்டுக் கிளறத் தொடங்கினார்.

மாலை ஷஹனாஸ் ஓய்வறையில் தவறிப்போன அழைப்புகளைப் பார்த்துப் பதறி, பஸ் பிடித்து, மழைத் தண்ணீரில் செருப்பு தெறிக்க ஓடி வந்தாள். அறைக்கு ஏறுகிற படியிலேயே உம்மாவின் குரல் கேட்டது. உள்ளே ஏசி இல்லை, பல்பு இல்லை, கம்பளி இல்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்ததால் அறை அரை இருட்டாக இருந்தது. தொட்டியில் காய்ந்த நார்த்தூள். கொட்டாங்கச்சி வாசலில் இரண்டு கால்கள் மட்டும் எட்டிப் பார்த்தன. உம்மா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் போன், இன்னொரு கையில் மீட்டர்.

"எழுவத்தி நாலு காட்டுது. ஜன்னலைத் தெறந்து வைக்கட்டுமா?"

"வேணாம் மாமி" என்றது போன்.

"ஏன் வேணாம்?"

"வெளிய மழை. காத்து இன்னும் ஈரமா வரும்."

"அப்ப பேனு?"

"பேனு வேணா போடுங்க. மெதுவா."

"எவ்ளோ மெதுவா? ரெண்டுலயா, ஒண்ணுலயா?"

ஷஹனாஸ் வாசற்படியிலேயே நின்றாள். "உம்மா, யாரு? அவரா? என்கிட்ட குடுங்க. என்ன ஆச்சு, நான் கேக்கறேன்."

சலீமா பீவி திரும்பிப் பார்க்காமலேயே மீட்டர் பிடித்த கையை உயர்த்தி மகளைத் தடுத்தார்.

"இரு புள்ள. மாப்பிள்ளை கிட்ட பேசிட்டு இருக்கேன்ல."